சின்னராசு இட்ட முட்டை

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே குழலி பால்கனிக்கு வந்தபோது சின்னராசு கூண்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். கிளி எங்கேயாவது தரையில் உட்காருமா. மேலே அவன் உட்காரும் கம்பி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. காலையில் வைத்த கொய்யாத் துண்டு கறுத்துப்போய்க் கிடந்தது, பச்சை மிளகாயைத் தொடக்கூட இல்லை. "என்னடா தம்பி, என்ன பண்ணுது" என்று விரலை நீட்டினாள். எப்போதும் ஓடிவந்து அந்த விரலைப் பிடித்து நகத்தை உரசிப் பார்க்கிறவன், இன்றைக்குக் கண்ணைப் பாதி மூடித் திறந்ததோடு சரி. உடம்பு முழுக்க இறகை உப்பிக்கொண்டு பச்சைக் கம்பளி உருண்டை மாதிரி இருந்தான். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் போய்வந்தது. வால் இப்படி ஆடினால் நல்லதில்லை என்று யாரோ சொன்னார்களே, யார் சொன்னது, மகள்தான், மங்கைதான் சொல்லியிருப்பாள், கிளியைப் பற்றி இந்த வீட்டில் வேறு யாருக்கு என்ன தெரியும். தாயுமானவரே, என்றாள் குழலி, வழக்கம்போல மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் கோட்டையின் உச்சி மட்டும் தெரியும். கல்யாணமாகி உறையூருக்கு வந்த காலத்தில் மலை முழுசாகத் தெரிந்தது. ஒவ்வொரு வீடாக மாடி எழும்ப எழும்ப மறைந்துபோய், இப்போது ஒரு கைக்குட்டை அகலம் மிச்சம் இருக்கிறது. கும்பிடுவதற்கு அது போதும்.

"என்னங்க, தம்பி தரையில உக்காந்திருக்கான்." உள்ளேயிருந்து சிதம்பரநாதன் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "உக்காரட்டும் விடு. எனக்கே சாப்பிட்டா நிக்க முடியல." காலமெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே சம்பாதித்த மனுஷர். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உட்காருவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய விசிலைத்தான் சின்னராசு முதலில் கற்றுக்கொண்டான். தெருவில் ஆட்டோ நின்றால் ஒரு விசில், கிளம்பினால் இன்னொன்று, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு "போலாம் ரைட்". காய்காரர் ஒருநாள் அதை நம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போயேவிட்டார், குழலி கத்தரிக்காய்க்குக் கை நீட்டியபடி நின்றாள். அந்த விசில் நேற்றிலிருந்து கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நேற்று, வீடு என்ன இப்படி அமைதியாக இருக்கிறது என்று நினைத்தாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தாள். வீடு அமைதியாகும்போது முதலில் நிம்மதியாகத்தான் இருக்கும். மகன் திருநாவு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன வாரமும் அப்படித்தான், துவைக்கிற துணி குறைந்தது, குளியலறை காலியாகவே இருந்தது, அட என்று இருந்தது. அதற்கு அடுத்த வாரம் சாம்பாருக்குப் பருப்பு அளந்து போடும்போது கை தானாக டம்ளரை நிரப்பியது, அப்புறம் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள், கொட்டுகிற சத்தத்தில்தான் அழுகை வந்தது. இந்தக் கிளியும் போய்விட்டால். சே, என்ன வாய் இது, நினைக்கிற வாய். கொஞ்ச நாளாகவே இவன் போக்கு சரியில்லை. தையல் மிஷினுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொள்வது, அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு வரமாட்டேன் என்று சீறுவது, பேப்பரை நீள நீளமாகக் கிழிப்பது. அவர் படிக்கும் முன்னாலேயே ஒருநாள் கிழித்துவிட்டான். "உனக்கு எதுக்குடா நாட்டு நடப்பு" என்று அவர் கத்தினார். வயசுக் கோளாறு என்று சிரித்தார்கள். ஆம்பளைப் பிள்ளை, வயசு வந்தால் கழுத்தில் சிவப்பு ஆரம் விழும், அதற்குத்தான் இந்த ஆட்டம் என்று. ஆரம் வரும் வரும் என்று எத்தனை வருஷம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கழுத்தைப் பார்ப்பார்கள், இன்னும் வரலையா என்பார்கள். மங்கை கல்யாணமான புதுசில் அவள் வயிற்றைப் பார்த்த மாதிரியே. இல்லை, அதை இப்போது எதற்கு நினைக்கிறோம்.

கூண்டைத் திறந்து, கொடியில் காய்ந்த பழம்புடவைத் துண்டில் அவனை அள்ளி எடுத்தாள். கடிக்கவில்லை. கடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு மார்பிலிருந்து கீழே விரலால் மெல்லத் தடவியபோது, வால் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தோலுக்கு அடியில் உருண்டையாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கட்டியா. விரல் அங்கேயே நின்றது. அப்போது அவன் உடம்பு முழுக்க ஒருமுறை இறுகியது, மூச்சு நின்றது, கால் நகங்கள் அவள் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு முக்கியது போல இருந்து, பிறகு தளர்ந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அதே இறுக்கம். விட்டு விட்டு வருகிற அந்த இறுக்கத்தைக் குழலியின் கைக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், புத்தகத்தில் படித்தது எல்லாம் மறந்துவிட்டது, ஆனால் இதைப் படிக்கவேண்டியதில்லை. "என்னங்க" என்று கூப்பிட்டாள், குரல் அவளுக்கே புதுசாக இருந்தது, "இங்க வாங்க. நோவு வந்திருக்கு." "யாருக்கு?" "தம்பிக்கு. வயித்துல முட்டை இருக்கு." பேப்பர் இப்போது இறங்கியது. "ஏம்மா, ஆம்பளப் பயலுக்கு எங்கேருந்து முட்டை?" "ஆம்பளைன்னு யாரு சொன்னா?" "நீதான் சொன்னே. நாவு சொன்னான். ஊரே சொல்லிச்சு." "ஊரு பாத்துச்சா?" அவர் வந்து குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடப்பாவி" என்றார், "இத்தனை வருஷமா வாடா போடான்னு கூப்பிட்டுட்டோமே. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே இவ." சிரிக்க ஆரம்பித்தவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும், கோழிக்கு அப்படிப் போனதைக் குழலி பார்த்திருக்கிறாள். "கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க." "பச்சைக்கிளியையா? வீட்ல வளர்க்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஏது இதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? பாசஞ்சர்னா?" "மரத்தை வெட்டினாங்க, விழுந்துச்சு, காப்பாத்தினோம்னு சொல்றது." "சொல்லலாம். அவங்க எழுதிக்கிட்டு, கிளியை எடுத்துக்கிட்டு, உன்னை அனுப்பிடுவாங்க."  அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, லவ் பேர்ட்ஸ் விற்கிற ஆளிடம் கேட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். படியில் இறங்கியவர் நின்று, "மங்கைகிட்ட கேட்டா சொல்லுவா. ஆனா கேக்காதே" என்றார். "அவகிட்ட போயி முட்டை, நோவுன்னு எதுக்கு." செருப்புச் சத்தம் கீழே போயிற்று. எதுக்கு. அதுதான், எதுக்கு. மாசி வெயில் பால்கனிக் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது. சின்னராசு, சின்னராசுதானே, வேறு எப்படிக் கூப்பிடுவது, மடியில் மறுபடி இறுகினாள். பல்லைக் கடிச்சுக்கோம்மா, கிளிக்கு ஏது பல்லு, சரி, என் விரலைக் கடிச்சுக்கோ. குழலியின் அம்மா அப்படித்தான் சொன்னாள், என் கையைக் கடிச்சுக்கோடி என்று. முசிறியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடையில் சுக்கும் பூண்டும் நல்லெண்ணெயும் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழம்புடவையுமாக வந்து சேர்ந்தாள். அம்மாவின் கையில் பெருங்காய வாசனை. அந்த வாசனையைக் கடித்துக்கொண்டுதான் மங்கையைப் பெற்றாள். இன்றைக்கும் ரசத்துக்குப் பெருங்காயம் பொரியும்போது அடிவயிறு ஒரு கணம் இறுகிவிட்டுத்தான் விடும். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

மங்கையைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறியது, வாழைத்தார் சாத்தியது. சுகப்பிரசவம் ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார், திருச்சியில் அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவருடைய அம்மனின் பெயரைத்தான் குழலிக்கு வைத்திருக்கிறது, மட்டுவார்குழலி என்று, ரேஷன் கார்டில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். நிறைமாசப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அவள் தாய் கிளம்பி வருகிறாள், காவேரியில் வெள்ளம், கரை தாண்ட முடியவில்லை, பெண் வலியில் கூப்பிட, சிவபெருமானே தாயாக உருவம் எடுத்து வந்து பிரசவம் பார்த்தார். சின்னப் பிள்ளையில் அந்தக் கதையைக் கேட்கும்போது குழலி அந்தப் பெண்ணாக இருந்தாள். கூப்பிட்டால் வருகிற சாமி. இப்போதெல்லாம் அவளுக்கு மனசு அங்கே நிற்பதில்லை, அக்கரையில் போய் நின்றுகொள்கிறது. மருந்துக் கூடையோடு நின்றவள் என்ன நினைத்திருப்பாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாளா, உட்கார்ந்தாளா. வெள்ளம் வடிந்து ஓடிவந்தால், எல்லாம் முடிந்துவிட்டது, குழந்தைக்கு எண்ணெய்கூட வைத்தாகிவிட்டது, இன்னொரு தாய் பக்கத்தில் இருக்கிறாள். சாமிதான், பெரிய பாக்கியம்தான். ஆனால் நான் வரலையே என்று இருந்திருக்காதா. குழலிக்கு அந்த வெள்ளம்கூட வரவில்லை. ஒருநாள் போனில், புனேயிலிருந்து, வேலைக்காரி லீவு போட்டதையும் மாப்பிள்ளைக்கு இருமல் என்பதையும் சொல்லிவிட்டு அதோடு சேர்த்து மங்கை சொன்னாள்: "அம்மா, ஒண்ணு தங்கியிருந்துச்சு. ஆடிலயே போயிடுச்சு." அது புரட்டாசி. இரண்டு மாசம் எல்லாம் முடிந்து காய்ந்தும் போய்விட்டது. குழலி பிறகு என்ன சொன்னாள். போகட்டும் விடும்மா, சாமி இன்னொண்ணு கொடுப்பார், நான் தார் சாத்துறதா வேண்டிக்கிறேன் என்றாள். எந்தத் தாயும் அதைத்தானே சொல்லுவாள்.  "அம்மா, இனிமே எனக்காக வேண்டிக்காதே" என்றாள் மங்கை, "குக்கர் சத்தம் போடுது, வைக்கிறேன்." குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நாலு வருஷமாக வாரம் தவறாமல் பேசுகிறாள், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அப்பா நடக்கப் போறாரா. எல்லாம் கேட்கிறாள். அந்த ஓர் இடத்துக்கு வந்தால் இருவரும் ஒதுங்கி நடக்கிறார்கள், தெருவில் தோண்டிவிட்டு மூடாமல் போட்ட பள்ளத்தைச் சுற்றிப் போகிற மாதிரி. அதை எதற்கு அவள் சொன்னாள், வேண்டிக்கொள்ளாதே என்று, நான் என்ன தப்பாகக் கேட்டேன் சாமியிடம், பேரன் பேத்திதானே.

சின்னராசு கழுத்தைப் பின்னால் சாய்த்து அலகைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இந்த வாயில்தான் மங்கை கேழ்வரகுக் கூழ் ஊட்டினாள். பக்கத்து மனையில் பனைமரத்தை வெட்டிச் சாய்த்தபோது, பொந்திலிருந்து விழுந்த மூன்றில் இது ஒன்றுதான் பிழைத்தது, இறகே இல்லை, கண் திறக்கவில்லை, அவித்த கிழங்கு மாதிரி ஒரு தோல். அதைத் துப்பட்டாவில் வைத்துக்கொண்டு பி.எட். பரீட்சைக்குப் படித்தாள். கூழ் சூடாக இருக்கிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். இறகு வந்தபோது, பச்சையை முதலில் பார்த்தபோது, அம்மா அம்மா என்று அடுப்படிக்கு ஓடிவந்தாள். அவளுடைய கிளி இது. அவளிடம் கேட்காமல் இதைச் சாகவிட்டுவிட்டு, அப்புறம் ஒருநாள், வேலைக்காரி லீவையும் இருமலையும் பற்றிப் பேசும்போது, சின்னராசு போயிட்டாம்மா என்று சொல்லுவதா. குழலி எழுந்து போனை எடுத்தாள். பெயரைத் தேடி அழுத்தினாள்.

"மங்கை." "என்னம்மா, இந்நேரத்துல? அப்பாவுக்கு ஏதும்..." "அப்பா நல்லா இருக்காரு. தம்பி... சின்னராசு... அவ வயித்துல முட்டை சிக்கிக்கிச்சுடி." சொல்லிவிட்டாள்.  மங்கை, "அவளா?" என்றாள். உடனே குரல் மாறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற குரல்: "வால் ஆடுதா? முக்குறாளா? வயித்தை அமுக்கிடாதே, உள்ள உடைஞ்சா அவ்வளவுதான். பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போ. கதவைச் சாத்திட்டு கீசர் தண்ணியைத் திறந்துவிடு, ஆவி நிறையட்டும். வெளக்கெண்ணெய் இருக்கா? பஞ்சுல தொட்டு வாலுக்கு அடியில லேசா. போனை வச்சிடாதே, ஸ்பீக்கர்ல போடு." குழலி சொன்னபடியெல்லாம் செய்தாள். துணி துவைக்கும்போது உட்காரும் பலகையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் பழம்புடவையும் அதற்குள் சின்னராசுவும், சோப்பு வைக்கிற தட்டில் போன். ஆவி எழும்பிச் சுவரெல்லாம் வியர்த்தது. கண்ணாடியில் குழலியின் முகம் மறைந்துபோயிற்று. "இதெல்லாம் எப்படிடி உனக்குத் தெரியும்?" "அப்ப படுத்தே இருந்தேன்ல, பறவை வீடியோவாப் பாத்துக்கிட்டிருப்பேன். வேற எதைப் பாக்குறது." எப்ப என்று குழலி கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் அந்த இடத்தை நிரப்பிவிட்டது. கொஞ்சம் கழித்து, "முணுமுணுன்னு என்னம்மா சத்தம்? தாயுமானவருக்குத் தார் வேண்டிக்கிட்டியா?" "ஆமா." "கிளிக்கா?" "கிளின்னா பிரசவம் இல்லையா?" மங்கை சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு, மூக்கால் ஆரம்பிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் சின்னராசு இரண்டு காலையும் அகட்டிவைத்து, இறக்கைகளைத் தாழ்த்தி, குழலியின் விரலை ரத்தம் வரக் கடித்தாள். கடி, கடி, இன்னும் நல்லாக் கடி. உடம்பு பூராவும் ஒரு நடுக்கம். மடியில் சூடாக, ஈரமாக, கனமே இல்லாமல் ஒன்று விழுந்தது.

"வந்துடுச்சுடி." நெல்லிக்காய் அளவு. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. குழலிக்குக் கண் மறைத்தது, ஆவியா அழுகையா தெரியவில்லை. சின்னராசு கொஞ்ச நேரம் செத்தது போலக் கிடந்தாள்.  பிறகு கழுத்தைத் திருப்பி, தன் பின்னால் கிடந்ததைப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், அடுத்த கண்ணால் பார்த்தாள். அலகால் தொட்டாள், பட்டும் படாமலும். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். "என்னம்மா ஆச்சு? உள்ள வரலாமா?" "ஆச்சு. நல்லா இருக்கா. நீங்க வெளியிலேயே நில்லுங்க." "நிக்கிறேன். மங்கை பொறந்த அன்னிக்கும் வெளியிலதான் நின்னேன்" என்றார் சிதம்பரநாதன், போய்விட்டார் போலிருந்தது. குழலி தண்ணீரை நிறுத்தினாள். சட்டென்று எல்லாம் அடங்கிப்போய், போனுக்குள் மங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சின்னராசு தட்டுத்தடுமாறி எழுந்து, முட்டையை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், புடவைத் துணி வழுக்கியது, மறுபடி இழுத்தாள். "அதுல கரு இருக்காதும்மா. தெரியும்ல?" என்றாள் மங்கை. "தெரியும். ஜோடி இல்லாம எங்க." அந்த முட்டையை உள்ளங்கையில் எடுத்தாள் குழலி, இன்னும் சூடு இருந்தது. "பாவம்டி, ஒண்ணுமில்லாததை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஏமாந்து உக்காந்திருப்பா. இப்பவே எடுத்துப் போட்டுடறேன். போகட்டும், அடுத்தது..."

"எடுக்காதேம்மா." பள்ளிக்கூடக் குரல் போய்விட்டது. "எடுத்தா தேடுவா. எங்க போச்சுன்னு தெரியாம எல்லா இடத்துலயும் தேடுவா. அவளா எழுந்து போற வரைக்கும் இருக்கட்டும்." அதே மூச்சில் சொன்னாள்: "நான் தேடினேன்." குழலியின் கை அப்படியே நின்றது. சொல்வதற்கு வாயில் நிறைய இருந்தது, சாமி இருக்கிறார், காலம் இருக்கிறது, உனக்கு என்ன வயசாகிவிட்டது, எல்லாம் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றது.  முட்டையைச் சின்னராசுவின் வயிற்றுக்கு அடியில் திரும்ப வைத்தாள். அவள் சீறினாள், பிறகு இறகை விரித்து அதை மூடிக்கொண்டாள். குழலி போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டாள். "எங்கடி தேடினே?" என்றாள்.  "எல்லா இடத்துலயும்மா. பீரோவுலகூட. ஒரு குட்டிச் சொக்கா வாங்கி வச்சிருந்தேன், அதை யாரு எங்க எடுத்து வச்சாங்கன்னே தெரியலை. எல்லாரும் போகட்டும் போகட்டும்னாங்க. எங்க போகும், சொல்லு." குழலி தலையை ஆட்டினாள், போனில் அது தெரியாது என்றுகூடத் தோன்றவில்லை. ஈரத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பேரு ஏதும் நினைச்சு வச்சிருந்தியாம்மா?" என்று கேட்டாள். மங்கை அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். "ஆதிரை" என்றாள் மங்கை. "மார்கழில வந்திருப்பா." குழலி அந்தப் பேரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், அடுத்த அறையிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. "நல்ல பேருடி" என்றாள்.